ரெஸ்டோர் பாயிண்ட்டுக்குள் மாட்டிக்கொண்ட வைரஸ்: எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது

நீங்கள் எழுதியதை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கடையில் இரண்டு கம்ப்யூட்டர்கள். ஒன்று டிடிபி வேலைக்கான விண்டோஸ் 10. இன்னொன்று ஸ்டிக்கர் கட்டிங் மெஷினோடு இணைத்திருக்கும் பழைய எக்ஸ்பி. வாடிக்கையாளர் யாரோ கொண்டுவந்த பென் டிரைவிலிருந்து இரண்டிலும் வைரஸ் ஏறிவிட்டது. ஆன்டிவைரஸ் போட்டு அழித்தீர்கள். ஆனால் சில ஃபைல்கள் மட்டும் ஒவ்வொரு ஸ்கேனிலும் திரும்பத் திரும்ப வருகின்றன. எக்ஸ்பியில் அவை ‘சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்’ என்ற ஃபோல்டருக்குள் இருப்பதாகக் காட்டுகிறது. விண்டோஸ் 10-ல் ‘ஹார்ட் டிஸ்க் வால்யூம் ஷேடோ காப்பி’ என்று ஆரம்பிக்கும் பாதை வருகிறது. டெலீட் கொடுத்தாலும் போவதில்லை. சர்வீஸ் செய்பவர் ஃபார்மட் போட்டுவிடலாம் என்கிறார். யூடியூப் வீடியோ ஒன்று முதல் வேலையாக சிஸ்டம் ரெஸ்டோரை, அதாவது கம்ப்யூட்டரைப் பழைய ஒரு தேதியின் நிலைக்குத் திருப்பும் விண்டோஸ் வசதியை, ஆஃப் செய்யச் சொல்கிறது. யார் சொல்வதைக் கேட்பது என்பது உங்கள் கேள்வி.

இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அந்த இடத்தில் இருக்கும் வைரஸ் இப்போது உயிரோடு இயங்குகிறதா என்பது ஒன்று. அதை எடுப்பதற்காக மற்ற எல்லாவற்றையும் இழக்க வேண்டுமா என்பது இன்னொன்று. முதலாவதற்கு என் பதில், இயங்கவில்லை. இரண்டாவதற்கு, இந்த ஒரு காரணத்துக்காக மட்டும் ஃபார்மட் தேவையில்லை. நீங்கள் சொல்லும் இரண்டு இடங்களும் ரெஸ்டோர் பாயிண்ட்டுகள், அதாவது அப்படித் திரும்பிப் போவதற்காக விண்டோஸ் சேமித்துவைக்கும் பழைய நிலைகள், இருக்கும் இடங்கள். அந்தப் பழைய ரெஸ்டோர் பாயிண்ட்டுகளை அழிப்பது கடைசி வேலையாக இருக்க வேண்டும், முதல் வேலையாக அல்ல. வைரஸ் பிடித்த கம்ப்யூட்டர்களைச் சுத்தம் செய்யும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். இந்த வரிசை மாறியதால் சின்னப் பிரச்சினை பெரிதான கம்ப்யூட்டர்கள் என்னிடம் அடிக்கடி வருகின்றன. அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

அந்த ஃபைல்கள் ஏன் அழிவதில்லை என்று முதலில் பார்த்துவிடலாம். அது புரிந்தால் மீதி தானாக விளங்கும். சிஸ்டம் ரெஸ்டோர் 2000-ல் விண்டோஸ் மில்லேனியத்தோடு வந்தது. 2001-ல் எக்ஸ்பியிலும் சேர்ந்தது. எக்ஸ்பியில் அது வேலை செய்த விதம் இப்படி: இ.எக்ஸ்.இ., டி.எல்.எல். போன்ற புரோகிராம் ஃபைல் வகைகளை விண்டோஸுக்குள் இருக்கும் ஒரு டிரைவர் மென்பொருள் எப்போதும் கவனித்துக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட ஃபைல் ஒன்று மாறப்போகிறது அல்லது அழியப்போகிறது என்றால், அதற்கு முன்பே ஒரு பிரதியை எடுத்துத் தன் சேமிப்புக்குள் வைத்துவிடும். வைக்கும்போது பெயரையும் மாற்றிவிடும். ‘ஏ’ என்ற எழுத்தில் தொடங்கி வரிசை எண் கொண்ட பெயர்களை உங்கள் ஸ்கேன் பட்டியலில் பார்த்திருப்பீர்கள். அவை வைரஸ் தனக்கு வைத்துக்கொண்ட பெயர்கள் இல்லை, விண்டோஸ் வைத்தவை.

இங்கேதான் குழப்பத்தின் வேர் இருக்கிறது. ஆன்டிவைரஸ் ஒரு வைரஸ் ஃபைலை அழிக்கும்போது அதுவும் ‘ஒரு இ.எக்ஸ்.இ. அழியப்போகிறது’ என்ற நிகழ்ச்சிதான். அது வைரஸா நல்ல புரோகிராமா என்று சிஸ்டம் ரெஸ்டோருக்குத் தெரியாது. அதனால் அழிவதற்கு முன் அதையும் எடுத்துப் பத்திரப்படுத்திவிடும். நீங்கள் சுத்தம் செய்த அன்றே அந்த ஃபோல்டரில் புதிதாக வைரஸ் தோன்றியதற்கு இதுதான் காரணம். அது பரவவில்லை, நீங்கள் அழித்ததன் பிரதி அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது.

விஸ்டா வந்தபோது முறையே மாறிவிட்டது. அதிலிருந்து விண்டோஸ் 11 வரை, தனித்தனி ஃபைலாகப் பிரதி எடுப்பதில்லை. ரெஸ்டோர் பாயிண்ட் உருவாகும் கணத்தில் அந்த டிரைவ் எப்படி இருந்ததோ, அந்த நிலையை அப்படியே நிறுத்திவைக்கிறது. அதைத்தான் ஷேடோ காப்பி என்கிறார்கள். அதற்குப் பிறகு டிஸ்க்கில் எந்தப் பகுதி மாறினாலும், பழைய பகுதியை 16 கிலோபைட் துண்டுகளாக ஒதுக்கி வைத்துக்கொள்கிறது. ரெஸ்டோர் பாயிண்ட் உருவான நாளில் வைரஸ் கம்ப்யூட்டரில் இருந்திருந்தால், அந்த நிழலுக்குள்ளும் அது இருக்கும். அந்த நிழல் படிக்க மட்டும்தான், எழுத முடியாது. எந்த ஆன்டிவைரஸாலும் அதற்குள் போய் ஒரு ஃபைலை மட்டும் நீக்க முடியாது. ஆகவே ‘டெலீட் ஆகவில்லை’ என்ற செய்தியைப் பார்த்து உங்கள் ஆன்டிவைரஸ் மோசம் என்றோ வைரஸ் பலமானது என்றோ நினைக்க வேண்டாம்.

இதிலிருந்து உங்களுக்குப் பயன்படும் ஒரு விஷயம் கிடைக்கிறது. விண்டோஸ் 10-ல் எல்லா ரெஸ்டோர் பாயிண்ட்டுகளும் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்பதில்லை. வைரஸ் வருவதற்கு முன் உருவானவற்றில் அந்த வைரஸ் இருக்காது. அது இருந்த நாட்களில் உருவானவற்றில் மட்டும்தான் இருக்கும். விண்டோஸ் அப்டேட்டும் சில புரோகிராம் இன்ஸ்டாலேஷன்களும் தாமாகவே ரெஸ்டோர் பாயிண்ட் உருவாக்கும் என்பதால், நீங்கள் எதுவும் செய்யாமலே அந்த இடைவெளியில் ஒன்றிரண்டு உருவாகியிருக்கலாம். ஆனால் வைரஸ் ‘எப்போது வந்தது’ என்பதில் நான் உறுதி கொடுக்க மாட்டேன். ஆன்டிவைரஸ் கண்டுபிடித்த நாள் வேறு, உள்ளே வந்த நாள் வேறு. இரண்டுக்கும் நடுவே மாதங்கள்கூட இருக்கலாம். தேதியை மட்டும் நம்பி ‘இந்தப் பாயிண்ட் சுத்தம்’ என்று முடிவு செய்யாதீர்கள்.

அடுத்து ஆபத்தைப் பற்றி. ரெஸ்டோர் சேமிப்புக்குள் இருக்கும் ஃபைல் தானாக ஓடாது. விண்டோஸ் ஆரம்பிக்கும்போது அங்கிருந்து எதையும் எடுத்து இயக்குவதில்லை. நீங்கள் இரட்டை கிளிக் செய்யவும் வழியில்லை, ஏனென்றால் அந்த ஃபோல்டருக்குள் நுழையும் அனுமதி சிஸ்டம் கணக்குக்கு மட்டும்தான். அட்மினிஸ்ட்ரேட்டருக்குக்கூட சாதாரணமாக இல்லை. ஆபத்து ஒரே ஒரு வழியில் வருகிறது: ஒருநாள் பிரிண்டர் டிரைவர் ஏதோ சண்டை போடுகிறது என்று நீங்களே அந்தத் தேதிக்கு ரெஸ்டோர் செய்தால், வைரஸும் சேர்ந்து திரும்பி வரும். அதனால்தான் அழிக்கச் சொல்கிறேன். அதுவரை அவசரமில்லை.

இதற்கு விதிவிலக்கு உண்டா என்றால், உண்டு. 2011-ல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் இருவர் ஷேடோ காப்பிக்குள் இருக்கும் புரோகிராமை நேரடியாக இயக்கிக் காட்டினார்கள். ஆனால் அதற்கு, கம்ப்யூட்டரில் ஏற்கெனவே அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடு ஒருவரோ ஒரு புரோகிராமோ உள்ளே இருக்க வேண்டும். அதாவது இயங்கிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தில் தொற்று மிச்சமிருந்தால்தான் அது சாத்தியம். இதுவும் சிஸ்டத்தை முதலில் சுத்தம் செய்யுங்கள் என்பதற்கே இன்னொரு காரணமாகிறது.

பாதையைக் கவனமாகப் படியுங்கள் என்றும் சொல்ல வேண்டும். எக்ஸ்பியில் உண்மையான ரெஸ்டோர் ஃபைல் என்றால், ‘சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்’ என்பதற்கு அடுத்து ‘ரெஸ்டோர்’ என்ற சொல்லும் அடைப்புக்குறிக்குள் நீளமான எண்ணெழுத்துக் கோவையும் வரும். அதற்குள் ‘ஆர்பி’ என்று தொடங்கி எண் கொண்ட ஃபோல்டர், அதற்குள் அந்த ‘ஏ’ ஃபைல்கள். இந்த வடிவம் இல்லாமல் வேறு எங்கோ, அல்லது கிட்டத்தட்ட இதேபோன்ற பெயருள்ள ஃபோல்டரில் இருந்தால், அது ரெஸ்டோர் பிரதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சிஸ்டம் ஃபோல்டர் போலப் பெயர் வைத்து ஒளிந்துகொள்வது வைரஸ்களின் பழைய வழக்கம். 2008-ல் உலகம் முழுக்கப் பரவிய கான்ஃபிக்கர், பென் டிரைவ்களில் ‘ரீசைக்ளர்’ என்ற ஃபோல்டருக்குள்தான் உட்கார்ந்திருந்தது.

இதற்கு நேர்மாறான பயமும் பலருக்கு இருக்கிறது. பென் டிரைவில் ‘சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்’ ஃபோல்டரைப் பார்த்ததும் வைரஸ் என்று பதறுகிறார்கள். விண்டோஸ் 8-லிருந்து, செருகும் பென் டிரைவிலெல்லாம் விண்டோஸே இந்த ஃபோல்டரை உருவாக்கி, இரண்டு மிகச் சிறிய ஃபைல்களை வைக்கிறது. அது இருப்பது மட்டும் எதற்கும் அறிகுறி அல்ல. ஆனால் உங்கள் வாடிக்கையாளர்களின் பென் டிரைவில் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருந்தால், அது அறிகுறிதான்.

சரி, ஏன் முதலில் அழிக்கக் கூடாது? வைரஸைச் சுத்தம் செய்வது ஆபத்தில்லாத வேலை இல்லை. ஆன்டிவைரஸ் ஒரு சிஸ்டம் ஃபைலைத் தொற்று என்று எடுத்துவிட்டால், அடுத்த முறை விண்டோஸ் பூட் ஆகாமல் போகலாம். விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரிஜிஸ்ட்ரியில் ஒரு வரி தவறாக நீங்கினால் லாகின் செய்ய முடியாமல் போகலாம். அந்த நேரத்தில் உங்களிடம் ஒரு ரெஸ்டோர் பாயிண்ட் இருந்தால், அது வைரஸ் உள்ள பாயிண்ட்டாக இருந்தாலும்கூட, கம்ப்யூட்டரை எழுப்பி நிறுத்தி மறுபடி சுத்தம் செய்யலாம். எதுவுமே இல்லையென்றால் அந்த ஃபார்மட்தான் கதி. எக்ஸ்பி காலத்தில் ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் பலவும் ‘முதலில் சிஸ்டம் ரெஸ்டோரை ஆஃப் செய், பிறகு ஸ்கேன் செய்’ என்றே வழிகாட்டின. ஸ்கேன் முடிவு சுத்தமாக வர வேண்டும் என்பதற்கு அது பொருந்தும். உங்கள் கம்ப்யூட்டர் மறுநாள் காலை கடை திறக்கும்போது ஓட வேண்டும் என்பதற்குப் பொருந்தாது. நீங்கள் பார்த்த வீடியோவும் அந்தப் பழைய அறிவுரையைத்தான் திருப்பிச் சொல்கிறது.

இன்னொரு நிலைமையில் அழிக்கவே கூடாது. உங்கள் டாகுமெண்ட்டுகளும் படங்களும் திறக்காமல், பெயரின் கடைசியில் ஏதோ புதிய எழுத்துகள் ஒட்டிக்கொண்டு, பணம் கேட்கும் குறிப்பு ஒன்று ஃபோல்டர் தோறும் கிடந்தால், அது ரான்சம்வேர். அப்போது ஷேடோ காப்பிகள்தான் பழைய ஃபைல்களை மீட்க மிச்சமிருக்கும் சில வழிகளில் ஒன்று. ரெஸ்டோர் செய்வது டாகுமெண்ட்டுகளைத் தொடாது என்றாலும், அதே ஷேடோ காப்பிக்குள் அவற்றின் பழைய வடிவம் இருக்கும். ஷேடோ எக்ஸ்புளோரர் என்ற இலவச மென்பொருளால் உள்ளே போய்ப் பார்த்து வெளியே எடுக்கலாம். இதை ரான்சம்வேர் எழுதுபவர்களும் அறிவார்கள். 2017 மே மாதம் பரவிய வான்னாகிரை, ஷேடோ காப்பிகளை எல்லாம் அழிக்கும் கட்டளையைத் தானே கொடுத்தது. அதற்குப் பின் வந்தவை பலவும் அப்படித்தான். சில சமயம் அந்த அழிப்பு முழுமையாக நடக்காமல் ஒன்றிரண்டு மிஞ்சிவிடும். அதை நாமே போய் அழித்துவிடக் கூடாது. இந்த நிலை என்றால் கம்ப்யூட்டரை நெட்டிலிருந்து துண்டித்துவிட்டு, ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலும் மற்றவர்களும் சேர்ந்து 2016-ல் தொடங்கிய ‘நோ மோர் ரான்சம்’ தளத்தில் உங்கள் வகைக்கு இலவசத் திறவுகோல் இருக்கிறதா என்று இன்னொரு கருவியிலிருந்து பாருங்கள். நீங்கள் விவரித்ததில் இதன் அடையாளம் எதுவும் இல்லை. ஆனால் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது இருக்கலாம்.

உங்கள் விண்டோஸ் 10-க்கு வருவோம். முதலில் டி டிரைவில் இருக்கும் வேலை ஃபைல்கள், ஃபான்ட்டுகள், வாடிக்கையாளர் டிசைன்கள் எல்லாவற்றையும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுங்கள். இ.எக்ஸ்.இ. ஃபைல்களை எடுக்க வேண்டாம். டாகுமெண்ட், படம், ஃபான்ட் மட்டும் போதும். எடுத்ததும் அந்த டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். அடுத்து விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘ஸ்கேன் ஆப்ஷன்ஸ்’ பகுதிக்குப் போய் டிஃபென்டர் ஆஃப்லைன் ஸ்கேனைத் தேர்ந்தெடுங்கள். வேறு ஆன்டிவைரஸ் போட்டிருந்தாலும் இதை ஒருமுறை செய்ய முயற்சி செய்யுங்கள். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்பே ஸ்கேன் நடக்கும். கிட்டத்தட்ட கால் மணி நேரம் ஆகும். விண்டோஸுக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போது தன்னை மறைத்துக்கொள்ளும் வைரஸ்கள் இந்த நேரத்தில் மறைந்துகொள்வது கடினம்.

அது முடிந்ததும் இன்னொரு நிறுவனத்தின் ஸ்கேனரை வைத்து ஒருமுறை முழு ஸ்கேன் செய்யுங்கள். குயிக் ஸ்கேன் போதாது. ஒரே கண் பார்த்ததை இன்னொரு கண்ணும் பார்க்கட்டும். இரண்டாவது ஆன்டிவைரஸை நிரந்தரமாக நிறுவ வேண்டாம், அவை ஒன்றோடொன்று மோதும். நிறுவாமலே ஒருமுறை ஓட்டிவிட்டு நீக்கும் வகை கிடைக்கிறது. பிறகு டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்டப் பகுதியையும், குறித்த நேரத்தில் புரோகிராம்களைத் தானாக இயக்கும் டாஸ்க் ஷெட்யூலரையும் பாருங்கள். பென் டிரைவ் வைரஸ்கள் பெரும்பாலும் ஒரு சின்ன ஸ்கிரிப்டை அங்கே மாட்டிவைத்திருக்கும். இதை ஒரே இடத்தில் பார்க்க மைக்ரோசாஃப்டின் ‘ஆட்டோரன்ஸ்’ கருவி மிக நல்லது. ஆனால் அதில் நூற்றுக்கணக்கான வரிகள் வரும். தெரியாததை டிக் எடுப்பதற்குப் பதில், அந்தப் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு எடுங்கள்.

இப்போது பொறுமை வேண்டிய கட்டம். சுத்தம் ஆனதாகத் தோன்றியதும் உடனே ரெஸ்டோர் பாயிண்ட்டுகளை அழிக்காமல், சில நாட்கள் வழக்கம்போல வேலை செய்யுங்கள். பிரிண்டர், ஸ்கேனர், டிசைன் மென்பொருள் எல்லாம் ஓடுகிறதா, புதிதாகச் செருகிய ஒரு காலி பென் டிரைவில் ஷார்ட்கட் உருவாகிறதா என்று பாருங்கள். மறுபடி முழு ஸ்கேன் செய்யும்போது, ஷேடோ காப்பி பாதையில் உள்ளவற்றைத் தவிர வேறெங்கும் எதுவும் வரக்கூடாது. வந்தால் இன்னும் சுத்தமாகவில்லை, ரெஸ்டோர் பக்கம் போகாதீர்கள்.

வரவில்லையென்றால், ஸ்டார்ட்டில் ‘கிரியேட் எ ரெஸ்டோர் பாயிண்ட்’ என்று தட்டுங்கள். திறக்கும் பெட்டியில் சி டிரைவைத் தேர்ந்து, கீழே இருக்கும் ‘கிரியேட்’ பட்டனை அழுத்தி, உங்களுக்குப் புரியும் ஒரு பெயர் கொடுங்கள். இது சுத்தமான நிலையில் உருவான பாயிண்ட். அப்புறம் டிஸ்க் கிளீனப்பைத் திறந்து, சி டிரைவைக் கொடுத்து, ‘கிளீன் அப் சிஸ்டம் ஃபைல்ஸ்’ அழுத்துங்கள். இதை அழுத்தினால்தான் மேலே ‘மோர் ஆப்ஷன்ஸ்’ என்ற தாவல் வரும். அதில் கீழே ‘சிஸ்டம் ரெஸ்டோர் அண்ட் ஷேடோ காப்பீஸ்’ என்று ஒரு பகுதி. அங்கே ‘கிளீன் அப்’. கடைசியாக உருவானதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் அது அழித்துவிடும். இன்னொரு வழியும் இருக்கிறது: முதல் பெட்டியிலேயே ‘கான்ஃபிகர்’ போய் ‘டெலீட்’ கொடுத்தால் எல்லாமே போய்விடும், பிறகு புதிதாக ஒன்று உருவாக்கலாம். நான் முதல் வழியைத்தான் விரும்புகிறேன். அதில் கையில் ஒரு பாயிண்ட்கூட இல்லாத நேரம் என்று ஒன்று வருவதே இல்லை. டி டிரைவிலும் புரொடெக்‌ஷன் ஆன் என்று காட்டினால், அதற்கும் இதே வேலையைத் தனியாகச் செய்ய வேண்டும்.

அழிப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை. இதில் போவது ரெஸ்டோர் பாயிண்ட் மட்டும் இல்லை. ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்து ‘பிரீவியஸ் வெர்ஷன்ஸ்’ பார்க்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், ஷேடோ காப்பியிலிருந்து வரும் அந்தப் பழைய வடிவங்களும் போய்விடும். விண்டோஸ் 7 வைத்திருக்கும் டிடிபி கடைகளில் இதை நம்பி வேலை செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தவறாக சேவ் செய்துவிட்ட ஃபைல் எதையாவது மீட்க நினைத்திருந்தால் முதலில் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கட்டளை வரியில் ‘விஎஸ்எஸ்அட்மின்’ கொடுத்து அழிக்கும் வழியையும் பலர் எழுதுகிறார்கள். வேலை செய்யும். ஆனால் ரான்சம்வேர் பயன்படுத்துவதும் அதே கட்டளை என்பதால் உங்கள் ஆன்டிவைரஸ் அலறினால் ஆச்சரியப்பட வேண்டாம். மெனுவிலேயே முடியும்போது அது தேவையில்லை என்பது என் எண்ணம்.

எக்ஸ்பி கம்ப்யூட்டரில் நான் கொஞ்சம் கவலைப்படுகிறேன். 2014 ஏப்ரல் 8-ஓடு அதற்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு நின்றுவிட்டது. இன்று அதில் ஓடும் புதிய ஆன்டிவைரஸ் கிடைப்பதே அரிது. அதனால் அதற்குள்ளிருந்து ஸ்கேன் செய்வதைவிட, பென் டிரைவிலிருந்து பூட் ஆகும் ரெஸ்க்யூ டிஸ்க் ஒன்றைப் பயன்படுத்துவது நல்லது. கேஸ்பர்ஸ்கை போன்ற நிறுவனங்கள் அதை இலவசமாகத் தந்து வருகின்றன. அதை விண்டோஸ் 10-ல் தயார் செய்யாமல், நிச்சயமாகச் சுத்தமான வேறொரு கம்ப்யூட்டரில் தயார் செய்யுங்கள். சுத்தமானதும், மை கம்ப்யூட்டரில் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், ‘சிஸ்டம் ரெஸ்டோர்’ தாவல், ‘டர்ன் ஆஃப் சிஸ்டம் ரெஸ்டோர்’ டிக், அப்ளை. எல்லாப் பாயிண்ட்டுகளும் அழியும். ரீஸ்டார்ட் செய்து டிக்கை எடுத்துவிட்டு, உடனே புதிதாக ஒன்று உருவாக்குங்கள். அவசரமில்லையென்றால் எதுவும் செய்யாமல் விடவும் வழி உண்டு: எக்ஸ்பி சாதாரணமாக 90 நாட்களுக்கு மேல் பழைய பாயிண்ட்டுகளைத் தானே நீக்கிவிடும். ஆனால் கடையில் வேறொருவர் அந்தக் கம்ப்யூட்டரைத் தொடுவார் என்றால் அதை நம்பியிருக்காதீர்கள்.

ஒரு வழியை மட்டும் தயவுசெய்து போகாதீர்கள். அந்த ஃபோல்டரின் உரிமையை உங்கள் பெயருக்கு மாற்றி, உள்ளே நுழைந்து, ஸ்கேனர் சொன்ன ஃபைலை மட்டும் கையால் அழிப்பது. எக்ஸ்பியில் ரெஸ்டோர் பாயிண்ட்டுகள் சங்கிலியாகக் கோர்த்தவை. இன்றிலிருந்து பத்து பாயிண்ட் பின்னால் போக, நடுவில் உள்ளவற்றையும் ஒவ்வொன்றாகக் கடந்துதான் போகும். நடுவே ஒன்று உடைந்தால் அதற்குப் பின்னால் உள்ளவை பயன்படாமல் போகும். அது உடைந்திருப்பது ரெஸ்டோர் செய்ய முயன்று தோற்கும் நாளில்தான் தெரியும். அதோடு அந்த ஃபோல்டரில் ரெஸ்டோர் தவிர விண்டோஸின் வேறு பதிவுகளும் இருக்கின்றன. மாற்றிய அனுமதியைப் பழையபடி வைக்காமல் விட்டால், நீங்கள் இயக்கும் எந்தப் புரோகிராமும் அதற்குள் எழுதலாம்.

ஃபார்மட் எப்போது சரி என்றும் சொல்லிவிடுகிறேன், சர்வீஸ் செய்பவர் எல்லா நேரத்திலும் தவறு என்று ஆகிவிடக் கூடாது. சாலிட்டி, விருட், ராம்னிட் போன்ற வைரஸ்கள் தனி ஃபைலாக இருப்பதில்லை. கம்ப்யூட்டரில் உள்ள நல்ல இ.எக்ஸ்.இ. ஃபைல்களுக்குள்ளேயே தங்களைச் செருகிவிடும். உங்கள் ஸ்கேன் அறிக்கையில் இந்தப் பெயர்களில் ஏதாவது இருந்து, நூற்றுக்கணக்கான புரோகிராம் ஃபைல்கள் தொற்றியதாகக் காட்டினால், நான் சுத்தம் செய்ய உட்கார மாட்டேன். ஆன்டிவைரஸ் வைரஸை வெட்டி எடுத்த பிறகும் அந்தப் புரோகிராம்கள் பழையபடி ஓடும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. டாகுமெண்ட்டுகளை எடுத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவதுதான் நேர்மையான வழி. எக்ஸ்பியில் கட்டிங் மெஷின் மென்பொருளின் மூல சிடி, டிரைவர், லைசென்ஸ் டாங்கிள் (மென்பொருள் ஓடுவதற்காகச் செருகும் சின்னச் சாவிக் கருவி) இருக்கின்றனவா என்று அதற்கு முன் பாருங்கள். அவை இல்லாமல் ஃபார்மட் போட்டுவிட்டு மெஷினே ஓடாமல் நின்ற கடைகள் உண்டு. உங்கள் செய்தியில் வைரஸின் பெயர் இல்லை. அதைப் பொறுத்துத்தான் இந்த முடிவு.

பெயரில் இன்னொன்றையும் கவனியுங்கள். ‘ஸ்டீலர்’ என்றோ, பாஸ்வேர்டு திருடும் வகை என்றோ அறிக்கை சொன்னால், ஃபைலை அழிப்பதோடு வேலை முடியாது. அது வந்த அன்றே பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை அனுப்பிவிட்டிருக்கலாம். மெயில், வங்கி, வாட்ஸ்அப் வெப் எல்லாவற்றையும் உங்கள் ஃபோனிலிருந்து, அல்லது வேறு சுத்தமான கருவியிலிருந்து, லாக் அவுட் செய்து பாஸ்வேர்டு மாற்றுங்கள்.

ரெஸ்டோர் பாயிண்ட் அழிந்தால் மற்ற பேக்கப்புகளும் சுத்தமாகிவிட்டன என்று பொருளில்லை. ஃபைல் ஹிஸ்டரி, விண்டோஸ் 7 பாணி பேக்கப், விண்டோஸ் டிரைவை அப்படியே பிரதி எடுக்கும் முழு சிஸ்டம் இமேஜ், கிளவுட் எல்லாம் தனித்தனி. வைரஸ் இருந்த நாட்களில் எடுத்த சிஸ்டம் இமேஜ் இருந்தால், அதன்மேல் ‘பழையது, ரெஸ்டோர் செய்யாதே’ என்று எழுதி வையுங்கள். புதிதாக ஒரு இமேஜ் எடுத்து, அது சரியாகத் திறக்கிறதா என்று பார்த்த பிறகு பழையதை அழியுங்கள்.

அழித்த பிறகும் ஆன்டிவைரஸ் அதே பெயரைக் காட்டினால், அது புதிய கண்டுபிடிப்பா பழைய வரலாறா என்று தேதியையும் நேரத்தையும் பாருங்கள். டிஃபென்டரின் புரொடெக்‌ஷன் ஹிஸ்டரியில் தீர்ந்துபோன சம்பவங்களும் சில காலம் அப்படியே நிற்கும். நேரம் இன்றைய ஸ்கேனுடையதாக இருந்தால் முழுப் பாதையையும் வைரஸின் பெயரையும் இங்கே எழுதுங்கள். அவை இரண்டும் இருந்தால்தான் அடுத்து என்ன என்று சொல்ல முடியும். எக்ஸ்பியை அதுவரை நெட்டிலிருந்தும் கடையின் லேனிலிருந்தும் துண்டித்தே வையுங்கள். டிசைனைக் கொண்டுபோக ஒரே ஒரு பென் டிரைவைத் தனியாக ஒதுக்கி, வாடிக்கையாளர் பென் டிரைவ் எதையும் எக்ஸ்பியில் நேரடியாகச் செருகாமல், முதலில் விண்டோஸ் 10-ல் ஸ்கேன் செய்துவிட்டு அந்த ஒரு பென் டிரைவ் வழியாக மட்டும் ஃபைலை மாற்றுங்கள்.